பலகையில் இல்லாத பதினோராவது வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தகரப் பலகையிலிருந்து கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவில் வருகிறது, பஸ் ஜன்னலில் வருகிறது, தூக்கம் வராத நேரத்தில் வருகிறது. எனக்கு வாய்த்தது மூன்றடிக்கு நான்கடியில் ஒரு தகரம், அதில் நீலப் பெயிண்டில் பத்து வரிகள். அந்தப் பத்தையும் எழுதியவன் நான். வலது மூலையில் 'தமிழாக்கம்: தேவநேசன், தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகப் பெயிண்டரிடம் சொல்லிப் போட்டுக்கொண்டேன்.

பலகை தொங்குவது நீலகிரியில் எமரால்டைத் தாண்டி ஒரு டீ எஸ்டேட்டின் படகுக் கொட்டகையில். எஸ்டேட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். பாதியை ரிசார்ட்டாக மாற்றிவிட்டார்கள். நடுவில் சொந்தமாக ஓர் ஏரி, ஏரியில் ஒரு மோட்டார் படகும் நின்றுகொண்டே ஓட்டுகிற தண்ணீர் ஸ்கூட்டரான ஒரு ஜெட் ஸ்கீயும் உண்டு. இரண்டையும் பார்த்துக்கொள்பவர் முத்துராஜ். இருபத்திரண்டு வருடம் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும் என்றானதும் அவரை ஏரிக்கு அனுப்பினார்கள்.

எட்டு நாளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெட் ஸ்கீயின் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் எஞ்சின் செத்தது. இன்று திங்கள். பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் முத்துராஜ் மீது விசாரணை. தப்பு அவருடையது என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். இப்போது மணி ஏழேகால். எட்டு ஐம்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதற்குள் இந்தக் கதையை எழுதி முடிக்க உட்கார்ந்திருக்கிறேன். ஏன் அதற்குள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள், வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்:

'மூடுபனி ஏரியின் மீது மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் முத்துராஜ்'

[நிறுத்தினேன். அன்று பனியே இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். நீலகிரிக் கதை என்றால் பனி வேண்டும் என்று பத்திரிகைக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். நானும் முப்பது வருடமாகச் சளைக்காமல் பனி சப்ளை செய்திருக்கிறேன். இந்த முறை கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்:

'எஞ்சின் என்பது காற்றைக் குடித்து நெருப்பில் வாழும் ஒரு'

[ஒரு என்ன? ஒரு மண்ணாங்கட்டி. இப்படி எழுதி எழுதித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன்.]

மூன்றாம் தொடக்கம். கரும்பலகை இல்லாத குறையோடு நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெட் ஸ்கீ எஞ்சின் ஏரித் தண்ணீரை எடுத்துத்தான் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் பம்ப் ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீரை எஞ்சினைச் சுற்றி அனுப்பும். அது புகைக்குழாய்க்குள்ளும் அதை ஒட்டிய புகைப்பெட்டிக்குள்ளும் விழுந்து புகையோடு வெளியே போகும். எஞ்சின் ஓடும்வரை புகையின் வேகம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஆளில்லை. அப்படித் தண்ணீர் பின்வாங்கி சிலிண்டருக்குள் போய்விட்டால் வந்தது சனி. பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க அதன் அப்பனாலும் முடியாது. அது தெரியாமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளைந்துவிடும்.

தெரிந்திருந்தால் பிழைக்க வைக்கலாம். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒயர்களை ஓரமாக மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினால் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சியடித்து வெளியேறும். கொஞ்சம் எண்ணெய் விட்டு, பிளக்கை மாட்டி, ஓடவிட்டுக் காயவைக்க வேண்டும். அதையும் அன்றைக்கே செய்ய வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உள்ளே துரு ஏறிவிடும்.

(இந்த இரண்டு பத்தியையும் தாண்டிக் குதித்தவர்கள் தயவுசெய்து திரும்பிப் போய்ப் படியுங்கள். ஒரு குடும்பத்தின் வீடு அந்த ரப்பர் குழாயில் தொங்குகிறது. நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.)

3

பலகை எழுதிய கதை. ரிசார்ட் மேனேஜர் தாரிணி என் பழைய மாணவி. ஜெட் ஸ்கீ வந்து இறங்கிய வாரம் அதன் ஆங்கிலக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"சார், இதுல நூத்திப்பத்து பக்கம் இருக்கு சார். யாரு படிப்பா? எனக்குத் தமிழ்ல பத்தே பத்து பாயிண்ட் போதும். முத்துராஜ் அண்ணனுக்குப் புரியணும், கெஸ்ட்டும் நின்னு பாக்கணும். கொஞ்சம் அழகா இருக்கட்டும் சார்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். தமிழ் வாத்தியாரிடம் அழகாக இருக்கட்டும் என்பது குடிகாரனிடம் கடைச் சாவியைக் கொடுப்பது மாதிரி. இரண்டு வாரம் உட்கார்ந்தேன். 'தண்ணீர் மேலே பறக்கலாம். உள்ளே போனால் பறக்காது' என்று ஒரு முதல் வரி வந்தது. எனக்கே கைதட்ட வேண்டும் போலிருந்தது. வந்த விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதை ரீல்ஸிலும் போட்டாராம்.

மீதி ஒன்பதும் வேலைக்கான வரிகள். ஏரியில் இறக்கும் முன் அடியிலுள்ள இரண்டு அடைப்பான்களும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார். எஞ்சின் மூடியின் ரப்பர் விளிம்பைத் துடைத்துப் பூட்டு. வண்டி கவிழ்ந்தால் ஸ்டிக்கரில் அம்புக்குறி காட்டும் பக்கமாக மட்டும் புரட்டு, மறுபக்கம் புரட்டினால் புகைப்பெட்டித் தண்ணீர் எஞ்சினுக்குள் ஓடும். கழுவும்போது முதலில் எஞ்சின், பிறகு பைப் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். கவிழ்ந்த வண்டியைப் பிளக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதே. இந்த மாதிரி.

முத்துராஜுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபேக்டரியில் தேயிலையை உருட்டும் ரோலரை ஓட்டும் முன் சரிபார்க்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்வார், தொட்டுப் பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். ரோலருக்குள் கை போனவர்களைப் பார்த்த ஃபிட்டர்களுக்கு வருகிற வழக்கம் அது. ஏரிக்கு வந்தபின் தினமும் காலையில் என் பலகை முன் நின்று பத்து வரியையும் சத்தமாகப் படித்தார். 'தண்ணீர் மேலே பறக்கலாம்' என்பதையும் விடாமல் படித்து, அதற்கு எதைத் தொட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் வண்டியின் மூக்கைத் தொடுவாராம். தாரிணி இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

4

அந்த ஞாயிறு. திருப்பூரிலிருந்து வந்த ஒருவர் நிற்கப் பழகியதே பெரிது என்று இறங்காமல் சுற்றிச் சுற்றி ஓட்டி, ஏரியின் நடுவில் பெட்ரோல் தீர்ந்து நின்றார். கவிழவில்லை. முத்துராஜ் மோட்டார் படகில் போய் ஆளைப் படகில் ஏற்றிக்கொண்டு, ஜெட் ஸ்கீயின் மூக்கில் கயிறு கட்டி இழுத்து வந்தார். வேகமாக இழுத்து வந்தார்.

இங்கே சமவெளி வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையில் ஸ்டார்ட் ஆகாத ஜீப்புக்கு யாரும் கண்ணீர் விடுவதில்லை. சரிவு இருந்தால் உருட்டிவிட்டு செகண்ட் கியரில் கிளட்சை விடுவார்கள், எஞ்சின் பற்றிக்கொள்ளும். சரிவு இல்லையென்றால் டிராக்டரில் கயிறு கட்டி விரட்டி இழுப்பார்கள். மெதுவாக இழுத்தால்தான் திட்டு விழும். எஸ்டேட்டில் வளர்ந்த எந்தக் கைக்கும் இது கேட்காமல் வரும். ஜெட் ஸ்கீயில் கியரும் இல்லை கிளட்சும் இல்லை என்பது முத்துராஜுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

நின்றுபோன எஞ்சினோடு வேகமாக இழுக்கும்போது பம்ப் வாய் வழியாக ஏரி ஏறுகிறது. ரப்பர் குழாய்க்குள் போகிறது, புகைப்பெட்டியை நிரப்புகிறது, தள்ளிவிட ஆளில்லாததால் அங்கிருந்து சிலிண்டருக்குள் இறங்குகிறது. வண்டியின் வயிற்றில் ஒரு சொட்டு இருக்காது. கரைக்கு வந்ததும் முத்துராஜ் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. பெட்ரோல் ஊற்றினார், பட்டனை அழுத்தினார். ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டது, மற்றதில் தண்ணீர். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

5

வெள்ளிக்கிழமை மதியம் முத்துராஜ் மெமோவோடு வீட்டுக்கு வந்தார். 'அறிவிப்புப் பலகை இருந்தும் கவனக்குறைவாக நடந்துகொண்டதால்' என்று தொடங்கியது மெமோ.

"ஏனுங்க சார், ஒரு லெட்டரு எழுதித் தரோணுங்க."

"என்ன லெட்டர்?"

"மன்னிப்பு லெட்டருங்க. தப்புப் பண்ணீட்டன், இந்த ஒருவாட்டி மன்னிச்சுருங்கன்னு."

"என்ன தப்புப் பண்ணீங்க?"

"அதுதானுங்க தெரியல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு மெமோவை மடித்தார், பிரித்தார். "நாலு நாளா போர்டு முன்னால நின்னு படிச்சுப் படிச்சுப் பாக்கறனுங்க. எந்த லைனை நான் உட்டன்னு தெரியலீங்க. பத்தும் பண்ணிருக்கறனுங்க. போர்டுல தப்பு வராதுங்க, நீங்க எழுதுனது. அப்ப எங்கிட்டத்தானுங்க எங்கியோ தப்பு?"

அதுவரை எனக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. வண்டி கவிழ்ந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எப்படிக் கரைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தனுங்க."

"வேகமாவா?"

"வேகமாத்தானுங்க. ஜீப்பு இழுத்துப் பழகுன கையி." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க சார், அது தப்புங்களா? போர்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

நான் தண்ணீர் குடித்தேன். இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான், பலகையில் இல்லை.

"ஊட்டுக்குப் பின்னால பீன்ஸு வெதைக்கோணுங்க. மழ வந்துருச்சு. வெதைக்கறதா வேண்டாமான்னு ஊட்டுக்காரி சுகந்தி தெனமும் கேக்குது. நான் என்னத்தங்க சொல்றது?"

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். முத்துராஜ் கதாபாத்திரம் நம்பும்படியாக இருக்கிறாரா? இவ்வளவு ஒழுங்கான மனிதரை வாசகர்கள் சந்தேகப்படுவார்கள். ஒரு கெட்ட குணம் சேர்க்கலாம் என்று பார்த்தேன். கேரம் விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடுவார், விருந்தினர்களிடம் சிடுசிடுப்பார், சுகந்தி சொல்வதை இரண்டாம் முறை சொன்னால்தான் கேட்பார். போதுமா? போதாது என்றால் இன்னொன்று. எழுதப்பட்ட எதையும் நம்பிவிடுவார். அவரிடம் இருக்கிற பெரிய குறை அதுதான், அதைக் கொடுத்தது என்னைப் போன்ற வாத்தியார்கள்.)

லெட்டர் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். 'என் கவனக்குறைவால் நேர்ந்துவிட்ட இப்பிழையை முழுமனதுடன் ஏற்று' என்று தொடங்கி, இருபத்திரண்டு வருட உழைப்பு, பள்ளியில் படிக்கும் மகள், நிர்வாகத்தின் பெருந்தன்மை எல்லாம் வந்தது. நல்ல நடை. படித்துப் பாருங்கள் என்றேன்.

"எதுக்குங்க, நீங்க எழுதுனாச் செரியாத்தானுங்க இருக்கும்." கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலை ஆபீஸில் கொடுத்துவிட்டார்.

6

மூன்றாம் பகுதியில் பத்து வரி என்று எழுதினேன். பலகையில் பத்துதான். என் நோட்டில் பதினொன்று.

பதினோராவது இது: 'வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தால் குளிர்நீர்க் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மெதுவாக மட்டும் இழுக்கவும், இல்லையேல் குழாய் வழியே எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறும்.'

ஏன் எடுத்தேன்? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீளமாக இருந்தது. 'கிளாம்ப்' கண்ணை உறுத்தியது. 'கவ்வி' என்று போட்டேன், 'இறுக்கி' என்று போட்டேன், இரண்டும் பிடிக்கவில்லை. தாரிணி பத்து என்று கேட்டிருந்தாள். ஏதாவது ஒன்று போக வேண்டும். முதல் வரி போயிருக்கலாம். அது ஒரு வேலையும் சொல்லாத வரி. ஆனால் அது அழகு. இத்தனூண்டு ஏரியில் எவன் எதை இழுக்கப் போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சிவப்பு மையால் பதினோராவதை அடித்தேன். வெள்ளிக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அந்த நோட்டு எங்களுக்கு நடுவில், மேஜை மேல்தான் இருந்தது. அதன் மேல் தாளை வைத்துத்தான் அந்த மன்னிப்பை எழுதினேன்.

என்ன மனிதன் நான். இதைச் சொல்ல ஐந்து பகுதி சுற்றி வளைத்திருக்கிறேன். பனியைக் கிண்டல் செய்தேன், முத்துராஜிடம் குறை தேடினேன். உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

7

மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. நான் பஸ் ஏறிப் போகிறேன், நோட்டைக் காட்டுகிறேன். தாரிணி "பரவால்ல விடுங்க சார், உங்களுக்கு என்ன தெரியும்" என்பாள். எனக்கு ஒன்றும் ஆகாது. பென்ஷன் வரும், பலகையில் என் பெயரைக்கூட விட்டுவைப்பார்கள். முத்துராஜ் மட்டும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை எழுத மூன்று முறை முயன்றேன். 'முத்துராஜின் கண்களில்' என்பதோடு நின்றுவிடுகிறது.

இரண்டு. நான் போகவில்லை. லெட்டரைப் படித்து நிர்வாகம் மனமிரங்கி மன்னிக்கிறது. வேலை இருக்கும், வீடு இருக்கும். மறுநாளும் அவர் பலகை முன் நின்று, தான் விட்டது எந்த வரி என்று தேடுவார். ரிட்டயர் ஆகும்வரை தேடுவார். பத்திரிகைக்காரர்களுக்கு இந்த முடிவு பிடிக்கும், சோகம் அளவாக இருக்கிறது.

மூன்று. நான் போகவில்லை, நிர்வாகம் மன்னிக்கவில்லை.

மூன்றாவதை எழுதத் தொடங்கிய பிறகுதான், ஐந்து நிமிடம் முன்பு, எனக்கு ஒன்று உறைத்தது. விசாரணை என்றால் சாட்சி வேண்டும். ஏரியில் நடந்ததைப் பார்த்தது திருப்பூர்க்காரர் ஒருவர், அவர் ஊருக்குப் போய்விட்டார். முத்துராஜ் தப்புச் செய்தார் என்பதற்கு ஆபீஸில் இருக்கும் ஒரே ஆதாரம் 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கி அவர் கையெழுத்தோடு இருக்கும் ஒன்றரைப் பக்கம். நல்ல நடையில் நான் எழுதிக் கொடுத்தது. முதலில் அவரைக் காப்பாற்ற வேண்டிய வரியை அடித்தேன். பிறகு அவரை மாட்டிவைக்கிற வரியை எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பேனா இல்லை என்பதுதான் வித்தியாசம், அது சிவப்பு, இது நீலம்.

சமையலறையிலிருந்து என் மனைவி பிலோமி.

"ஏனுங்க, எட்டம்பது பஸ்ஸுக்குப் போறீங்களா இல்லியா?"

"இதை முடிச்சுட்டுப் போறேன்."

"கதை எங்கீங்க போகுது? பஸ்ஸுதான் போகும்."

"உனக்கு என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியும். வெள்ளிக்கிழமையே அந்த நோட்டைப் பாத்துட்டன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு மூணு நாளா வாயை மூடிட்டு இருக்கறன்." கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். "நேத்து சர்ச்சுல பாவமன்னிப்பு ஜெபத்துக்கு எவ்வளவு சத்தமாப் பாடுனீங்க! நோட்டைப் பைல போட்டுக் கதவுகிட்ட வெச்சிருக்கறன். குடையும் வெச்சிருக்கறன். எந்திரிங்க."

8

இனி, பஸ்ஸுக்கு முன் ஏன் முடிக்க நினைத்தேன் என்பது. இங்கே உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டால் அங்கே போய் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. கதை வெளிவரும், நீங்கள் படிப்பீர்கள், 'எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்' என்பீர்கள். நீங்கள் என்னை மன்னிப்பதற்கு என்ன அர்த்தம்? பத்து மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் நீங்கள் இருக்கப் போவதில்லை. அங்கே ஒரு மனிதர் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள நின்றுகொண்டிருப்பார். தப்பு என்னவென்று கேட்டால் அவருக்குச் சொல்லவும் தெரியாது.

மணி எட்டு முப்பத்தெட்டு. பஸ் ஸ்டாப்புக்கு என் நடைக்கு எட்டு நிமிடம். முடிவை இங்கே உட்கார்ந்து எழுத முடியாது, அது ஆபீஸில் இருக்கிறது. ஆகவே கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். இதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தாலும் நான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்.

9

மணி எட்டு நாற்பத்தொன்று. பிலோமி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மேலே எட்டாம் பகுதியில் 'அர்த்தம்' என்ற சொல் இரண்டு முறை வந்துவிட்டது, படிக்கும்போது இடறுகிறது, ஒன்றை மட்டும் அடித்துவிட்டு